காத்தவராயன் கூத்தும் வன்னிப் பார்வையாளர் தீர்ப்பும்

ஈழத்துக் கூத்துப் பற்றிய ஆய்வுகள் ஏட்டையும் ஆட்டத்தையும் அண்ணாவிமாரையும் நோக்கிய அளவிற்கு, விடியும்வரை இருந்து கூத்துப் பார்க்கும் மக்களின் கருத்தை நோக்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்த ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியன கூத்துக்குப் படித்தோரிடையே மதிப்பைத் தேடித்தந்தன. அது பெரும் பணியே. ஆயினும், கூத்தை மதிப்பிடும் உரிமையும் அதனோடு படித்தோர் கைக்கு மாறியது. நாட்டார் சுவைஞனின் தீர்ப்பு வெறும் ஊர்ப்பேச்சாக ஒதுக்கப்பட்டது. அப்பேச்சினுள்ளே ஒரு விமர்சனம் உண்டு என்பதை, வன்னியில் ஆடப்படும் காத்தவராயன் கூத்தைக்கொண்டு இங்கு நிறுவ முயல்கின்றோம்.

சிந்துநடையில் அமைந்த இக்கூத்து, மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்து, பெரும்பாலும் நேர்த்திக்கடனாக ஆடப்படுவது. முத்துமாரியின் மகனாகிய காத்தான், அந்தணர் குலத்து ஆரியமாலாவை விரும்புகின்றான். தாய் தடுக்கின்றாள், மகன் அடங்குகின்றானில்லை, ஈற்றில் கழுமரம் அவனை எதிர்கொள்கின்றது. எட்டாத பெண், உருமாற்றங்கள், அடுக்கடுக்கான சோதனைகள் என உலகெங்குமுள்ள மாயக்கதைகளின் கூறுகள் யாவும் இதிலுண்டு. ஆனால் விளாடிமிர் புறொப் 1928இல் வகுத்துக் காட்டிய மாயக்கதை அமைப்பில், சோதனைகளை வென்ற தலைவன் மணம் முடித்து அரியணை ஏறுகின்றான். எமது காத்தானோ கழுமரம் ஏறுகின்றான். இவ்வேறுபாட்டிற்கான காரணம் கதையமைப்பில் அன்று, சாதியமைப்பில் உள்ளது.

இதனைப் பார்க்கும் வன்னி அவை ஒருதன்மைத்தானதன்று. முல்லைத்தீவின் பழைய கிராமங்களில் கோவலன் கூத்து வேரூன்றியது. இரணைமடுவின் கீழமைந்த குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நிலமற்றோர் வந்தனர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தார் பலர் வந்து குடியேறினர். காமன் கூத்தின் நினைவு அவர்களோடு வந்தது. ஆகவே ஒரே பந்தலின் கீழ் வெவ்வேறு வரலாறுகள் அமர்ந்திருக்கின்றன.

இவ்வவையோரிடம் நாம் கேட்டறிந்த கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, தொழில்நுட்பம் பற்றியது. கடைசிக் காத்தானின் குரல் விடியும்வரை நின்றதா, பிற்பாட்டுக்காரர் சுருதியோடு இணைந்தனரா, சினிமா மெட்டு எங்கே நுழைந்தது என்பன கண்டிப்பாகக் கணிக்கப்படுகின்றன. எழுதாக் கவின்கலை இலக்கணமொன்று இங்கு தொழிற்படுகின்றது. இரண்டாவது, சடங்கு பற்றியது. போட்டி மேடைகளுக்கெனச் சுருக்கப்பட்ட கூத்து அழகாயிருப்பினும் நேர்த்தி தீராது என்பர் முதியோர். இதனைப் பழைமைவாதம் எனத் தள்ளுதல் எளிது. ஆனால் விடிய விடிய ஒன்றுகூடியிருக்கும் கூட்டு அனுபவமே குறைக்கப்படுகின்றது என்ற உணர்வும் அதில் அடங்கியுள்ளது.

மூன்றாவது, நீதி பற்றியது. இதுவே எமது கவனத்திற்குரியது. காத்தான் தெய்வப்பிறவி, எனவே அவன் ஆசையிற் குற்றமில்லை என்பது பொதுவாகக் கிடைக்கும் விடை. 1971இல் காத்தவராயன் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, இத்தெய்வப்பிறப்புக் கதையின் சமூக நோக்கை ஆராய்ந்தவர். தாழ்த்தப்பட்டோன் ஒருவனின் காதலை ஏற்க இயலாத நிலவுடைமைச் சமூகம், அவனைத் தெய்வமாக்கியே தன் மனச்சாட்சியை அமைதிப்படுத்துகின்றது என்பதே எமது கருத்துமாகும். 1941இல் வெளிவந்த ‘ஆரியமாலா’, 1958இல் வெளிவந்த ‘காத்தவராயன்’ ஆகிய திரைப்படங்கள் இக்கதையை மேலும் பரப்பின.

ஆயின் பார்வையாளர் அனைவரும் இவ்விடையோடு அமைவதில்லை. ஊரையெல்லாம் நோயிலிருந்து காக்கும் மாரிக்குத் தன் மகனின் கழுமரத்தைப் பிடுங்கியெறிய இயலாதா என்ற வினா அவையில் எழுகின்றது. அதனைப் பெரிதும் எழுப்புவோர் பெண்களே. இவ்வினா பாமரத்தனமானதன்று, கூத்தின் மைய முரண்பாட்டையே அது தொடுகின்றது. தடுப்பவளும் மாரி, அழுபவளும் மாரி. தெய்வமாக அவள் ஒழுங்கின் காவலாள். தாயாக அதற்குப் பலிகொடுப்பவள். சாதிக் கொடுமையை மறைக்கவெனத் தெய்வத்தைக் கொணர்ந்த கதை, தெய்வத்தினும் வலியது சாதிச் சட்டமே என்ற உண்மையைத் தன்னையறியாமலே வெளிப்படுத்திவிடுகின்றது. அதனைக் கண்டுகொண்டவர் ஆய்வாளரல்லர், பார்வையாளரே.

2009இன் பின்னர் இவ்வினா புதிய கனத்தைப் பெற்றுள்ளது. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அத்தகைய தாய்மார் வாழும் மண்ணில், கழுமரத்தின் கீழ் நின்று பாடும் தாயின் குரல் புராணமாக மட்டும் கேட்க முடியாது. ஆரியமாலாவைப் பற்றிய பேச்சுக் குறைந்து, முத்துமாரியைப் பற்றிய பேச்சு மிகுந்திருத்தல் வியப்பன்று.

எனினும், மக்கள் கருத்து என்பதனாலேயே அதனைப் போற்றிவிடுதல் மார்க்சியத் திறனாய்வாகாது. காத்தானுக்காகக் கண்ணீர்விட்ட அதே அவை, பொழுது விடிந்ததும் சாதி பார்த்தே சம்பந்தம் பேசுகின்றது. மலையகத்திலிருந்து வந்தோரைப் பல தலைமுறை கழிந்த பின்னரும் வந்தேறிகளாகவே எண்ணுவோர் அதிலுளர். கண்ணீர் முரண்பாட்டை உணர்த்துகின்றது. ஆனால் அதனை ஆற்றியும் விடுகின்றது. 1968இன் மாவிட்டபுரம் ஆலயப்பிரவேசப் போராட்டச் சூழலில் எழுந்த ‘கந்தன் கருணை’, காத்தான் கூத்துப் பாணியையே கையாண்டு சாதியை நேருக்குநேர் எதிர்த்தது. அவ்வடிவம் போராட்டத்திற்கும் இடந்தரும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே கூத்தைத் திருத்தி எழுதுதல் எமது முதற்பணியன்று. கழுமரத்தை ஏன் பிடுங்கவில்லை என்ற வினா ஏற்கெனவே அவையில் உண்டு. அதனை நேர்த்தியோடும் விடியலோடும் கரைந்துபோக விடாது, ஊரின் பகற்பொழுதுக்குக் கொண்டுவருதலே திறனாய்வாளன் செய்யத்தக்கது. மாரியிடம் கேட்ட கேள்வியை மக்கள் தம்மிடமும் கேட்கும்போதே இக்கூத்தின் நேர்த்தி முழுமையாகத் தீரும்.