மூலமும் உரையும்: சிட்னியும் மெல்பர்னும் வளர்த்த இயங்குதள மரபு

1976, 77 ஆண்டுகளில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் தம் மாணவர்களுக்காக இரண்டு தொகுதிகளைத் தயாரித்தார். ஒன்றில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்புக் கெர்னலின் மூல நிரல், வரி எண்களோடு. இன்னொன்றில் அதற்கு உரை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உரை எழுதிய மொழிக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை: மூலத்தைத் திறந்து வை, உரையைப் பக்கத்தில் வை, கடினமான இடத்தைத் தாண்டிக் குதிக்காதே. ஆஸ்திரேலியாவுக்கென்று ஓர் இயங்குதள மரபு உண்டு, அதன் வேர் இந்த உரையில் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்த விழா மலரைப் புரட்டுகிறவர்களில் ஐ.டி. வேலைக்காரர்கள் நிறைய. ஊரில் பி.இ. படித்தபோது டைனோசர் அட்டை போட்ட சில்பர்ஷாட்ஸ் புத்தகத்திலிருந்து டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளை உருப்போட்டு 16 மார்க் வாங்கியவர்கள் அவர்கள். மற்றவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

இயங்குதளம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அது இல்லாத கணினியைப் பார்க்க வேண்டும். மெல்பர்னின் சயன்ஸ்வொர்க்ஸ் அருங்காட்சியகத்தில் சிஎஸ்ஐராக் நிற்கிறது. 1949-இல் சிட்னியில் முதல் நிரலை ஓட்டி, 1955-இல் மெல்பர்னுக்கு மாற்றப்பட்டு, 1964 வரை உழைத்த இயந்திரம். பாதரசக் குழாய்களில் ஓடும் ஒலியலைதான் அதன் நினைவகம். நேரம் கேட்டு வாங்கியவர் காகித நாடாவோடு வருவார். அவர் போகும்வரை இயந்திரம் முழுக்க அவருடையது. எந்த எண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது, நாடாவை எப்போது படிக்க வேண்டும், எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே இயங்குதளம் மனிதர்தான்.

கணினி வேகமானபின் ஒருவர் யோசிக்கும் நேரத்தில் அதைச் சும்மா நிறுத்தி வைப்பது கட்டுப்படியாகவில்லை. பலரை ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் நடுவில் ஒரு நிர்வாகி தேவை. அதுதான் கெர்னல். செயலிக்கு இரண்டு நிலைகள் வைத்தார்கள். சாதாரண நிலையில் ஓடும் நிரலால் வட்டையோ அடுத்த நிரலின் நினைவகத்தையோ தொட முடியாது. ஒரு கோப்பைத் திறக்க வேண்டும் என்றாலும் சிஸ்டம் கால் மூலம் கெர்னலிடம் கேட்க வேண்டும். முடிவில்லாமல் சுற்றும் நிரலை யார் நிறுத்துவது? அதற்கு ஒரு கடிகாரம் குறுக்கிட்டு, கட்டுப்பாட்டைக் கெர்னல் கையில் கொடுக்கிறது. லயன்ஸ் காலத்துப் பிடிபி-11 கணினிகளில் அந்தக் கடிகாரம் சுவர் மின்சாரத்தின் துடிப்பையே எண்ணியது. அமெரிக்காவில் நொடிக்கு 60 குறுக்கீடு, சிட்னியில் 50. நேரத்தைப் பங்கிடுவது, நினைவகத்துக்கு வேலி போடுவது, வட்டில் கிடக்கும் எண்களுக்குக் கோப்பு என்று உருவம் கொடுப்பது: மற்றதெல்லாம் இவற்றின் விரிவு.

லயன்ஸ் யூனிக்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் அளவு. கெர்னல் மொத்தமும் பத்தாயிரம் வரிக்குள். ஒரு பருவத்தில் ஒரு மாணவர் படித்து முடிக்கலாம். யூனிக்ஸை எழுதிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதைப் பற்றி 1974-இல் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்துப் பல்கலைக்கழகம் அதைத் தருவித்தது. பொம்மை நிரல்களை எழுதிப் பழகுவதைவிட, நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை முழுதும் வாசிப்பது மேல் என்று அவர் நம்பினார். இலக்கணம் மட்டும் படித்துவிட்டு இலக்கியம் படிக்காமல் ஒருவர் எழுத்தாளர் ஆக முடியாது என்று நாம் சொல்வதில்லையா?

அந்த மூலத்தில் 2238-ஆம் வரி பேர்போனது. ஒரு நிரலை உறங்கவைத்து இன்னொன்றை எழுப்பும் ஸ்விட்ச் என்ற பகுதி அது. அங்கே ஆசிரியர்கள், இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்கள். திமிர் என்று பலர் நினைத்தார்கள். இது தேர்வில் வராது என்ற தொனியில் போட்டது, தவிர எங்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று ரிச்சி பின்னாளில் விளக்கினார். விஷயம் இதுதான். ஒரு நிரல் ஒரு செயற்கூற்றுக்குள் நுழைகிறது. நடுவில் அதன் அடுக்கு நினைவகம் மாற்றப்படுகிறது. திரும்பி வெளியே வரும்போது அது வேறொரு நிரலாக, வேறு யாரோ அழைத்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு இடம் பிடிபட்டால் பல வேலைகளை ஒரே செயலி செய்வதுபோல் தோன்றுவதன் சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலத்தை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. லயன்ஸின் உரையும் உரிமம் பெற்றவர்களுக்குள் முடங்கியது. முடங்கியது என்று பெயர்தான். நகலின் நகலை நகலெடுத்து, எழுத்து மங்கிய தாள்களில் உலகம் முழுக்க அது படிக்கப்பட்டது. இந்தத் தடையால்தான் ஆண்ட்ரூ டேனன்பாம் பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதினார். மினிக்ஸ் படித்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். லயன்ஸின் உரை 1996-இல்தான் முறையாக அச்சேறியது. 1998-இல் அவர் மறைந்தார்.

பக்கத்து ஊரான வுல்லங்காங்கைச் சொல்லாமல் விட்டால் அங்குள்ளவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1977-இல் அங்கே ரிச்சர்ட் மில்லர் யூனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 கணினிக்கு மாற்றி ஓட்டினார். பிடிபி வகையல்லாத ஒரு கணினியில் யூனிக்ஸ் ஓடியதில் அது முதல் வரிசை.

லயன்ஸின் வழியை வாசிப்புப் பள்ளி என்றால், இந்த மரபில் அதற்கு அடுத்தபடி நான் வைப்பது பங்கீட்டுப் பள்ளியை. இதற்குத் தாய் வறுமை: மாணவர்கள் ஏராளம், கணினி ஒன்று. யூனிக்ஸ் செயலி நேரத்தை நிரல்களுக்குப் பங்கிடும், ஆட்களுக்கு அல்ல. ஆகவே அசைன்மென்ட் கெடுவுக்கு முந்தின இரவு பத்து நிரல்களை ஒரேயடியாக ஏவிய கெட்டிக்காரருக்குப் பத்துப் பங்கு, ஒன்றை ஓட்டிய அப்பாவிக்கு ஒன்று. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும் இதை மாற்றினார்கள். ஒவ்வொரு ஆளும் எவ்வளவு பயன்படுத்தினார் என்று கணக்கு வைத்து, அதிகம் எடுத்தவரைப் பின்னுக்குத் தள்ளி, பழைய கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கச் செய்தார்கள். 1988-இல் வெளியான அவர்கள் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் வட்டு இடத்துக்கு இதே போல் உச்சவரம்பு வைக்கும் முறையை எழுதினார். அது 1983-இன் பெர்க்லி யூனிக்ஸில் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் .au முகவரிகளை வெகுகாலம் நிர்வகித்தவரும் அவரே. பேச்சில் எல்லோரும் சிட்னியைப் புகழ்கிறார்கள். மெல்பர்னுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

அதற்கு இன்னொரு சாட்சி கான் கொலிவாஸ். மெல்பர்னில் மயக்க மருந்து நிபுணர். சி மொழியைத் தாமாகக் கற்று, லினக்ஸ் பெரிய சர்வர்களுக்காகவே வளர்கிறது, வீட்டு மேசையில் சுட்டியை நகர்த்தினால் திக்குகிறது என்று சொல்லி, நேரம் பங்கிடும் ஷெட்யூலர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். 2007-இல் லினக்ஸ் ஏற்றது அவருடையதை அல்ல, ஹங்கேரியின் இங்கோ மோல்னார் எழுதிய இன்னொன்றை. நியாயப் பங்கீடு சாத்தியம் என்று காட்டிய பெருமையை மோல்னார் கொலிவாஸுக்கே கொடுத்தார். மனம் கசந்து விலகிய டாக்டர் 2009-இல் பிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரோடு திரும்பினார். அந்தப் பெயரின் விரிவை விழா மலரில் அச்சிட முடியாது.

மூன்றாவது பள்ளி வாசிப்போடு நிற்காமல் நிரூபணம் கேட்கிறது. லினக்ஸ் மூலம் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. எந்த உரையாசிரியரும் அதைக் கரைகாண முடியாது. ஜெர்மனியின் யோகன் லீட்கே 1990-களில், கெர்னலில் தவிர்க்க முடியாததை மட்டும் வைத்து மற்றதை வெளியே தள்ளினாலும் வேகம் குறையாது என்று எல்4 என்ற கெர்னல் மூலம் காட்டினார். அந்த வழியை நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்னோட் ஹைசர் பிடித்துக்கொண்டார். 2009-இல் கெர்வின் கிளைன், கெவின் எல்ஃபின்ஸ்டோன், ஹைசர் முதலானோர் எஸ்இஎல்4 கெர்னல் தன் வரையறைப்படியே நடக்கும் என்று கணித முறையில் மெய்ப்பித்தார்கள். சி மொழியில் சுமார் 8,700 வரி. நிரூபணம் சுமார் இரண்டு லட்சம் வரி. ஓட்டிப் பார்த்த சோதனைகளில் அகப்பட்ட பிழைகள் 16, மெய்ப்பிக்கும்போது சி நிரலில் அகப்பட்டவை மேலும் 144. சோதித்தாகிவிட்டது என்று சான்றிதழ் நீட்டும் எவரிடமும் நான் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான்.

2014-இல் மூலத்தையும் நிரூபணத்தையும் திறந்துவிட்டார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சித் திட்டமொன்றில் போயிங்கின் ஆளில்லா ஹெலிகாப்டரில் எஸ்இஎல்4-ஐ வைத்து, ஊடுருவிகளுக்கு உள்ளே ஒரு பகுதியைக் கொடுத்தே தாக்கச் சொன்னார்கள். அந்தப் பகுதியைத் தாண்டி அவர்களால் வெளியே வர முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு, அப்போது குழுவை நடத்திவந்த ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2021-இல் அதைக் கைவிட்டது. எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை. குழு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கே திரும்பியது.

நிரூபணத்துக்கும் எல்லை உண்டு. வன்பொருள் சொன்னபடி நடக்கும் என்று அது நம்பித் தொடங்குகிறது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, செயலி முன்கூட்டி ஊகித்துச் செய்யும் வேலை கேஷ் என்ற அதன் வேக நினைவகத்தில் விட்டுப்போகும் தடயத்தை, எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்தே படிக்கலாம் என்று உலகுக்குத் தெரிந்தது. நினைவகத்துக்கு வேலி போட்ட இயங்குதளங்கள் நேரத்துக்கு வேலி போட்டதில்லை. ஹைசர் குழு இப்போது அதைத்தான் முயல்கிறது. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தடயத்தைத் துடைக்கச் செயலியிலேயே ஒரு கட்டளை வேண்டும் என்று ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலிக் கட்டமைப்பின் வடிவமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.