வெட்டாத கச்சேரி

மதுரை மணி ஐயர் (1912-1968) பாடிய காலத்தில் பெரும்பகுதி, இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு அடங்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஓட்டிவிட அது போதும்; ராகத்தை விரிக்கவோ நிரவல் செய்யவோ ஸ்வரம் பாடவோ போதாது. மணி ஐயரோ ஸ்வரத்துக்காகவே பேர்போனவர். அதனால் இன்று நாம் அவரைக் கேட்பது பெரும்பாலும் ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்த கச்சேரிகளின் வழியாகத்தான். அவை பிறகு கேசட்டாகவும் குறுந்தகடாகவும் வந்து, இப்போது சபாக்களின் வாசனையே படாத சிற்றூர்களிலும் கைப்பேசியில் கிடைக்கின்றன. ஸ்டூடியோவில் சுத்தமாகப் பதிந்தது போதுமான அளவு இல்லை, ஆகவே இருமலும் இரைச்சலும் கலந்த இதைக் கேட்டுத் திருப்திப்பட வேண்டியிருக்கிறது என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழான கணக்காகத் தோன்றுகிறது. மனோதர்மத்தை உயிராகக் கொண்ட சங்கீதத்துக்குக் கச்சேரிப் பதிவுதான் மூலப்பிரதி. பாடகர் அந்தந்தக் கணத்தில் எடுக்கும் முடிவுகள் அதில்தான் காதில் விழுகின்றன.

முடிவுகள் என்று எதைச் சொல்கிறேன்? ஸ்வரம் பாடுவதில், முன்கூட்டியே கணக்குப் போட்ட கோர்வையை மனத்தில் நிறுத்திக்கொண்டு அதை நோக்கிப் பாடிப் போகும் பாணி ஒன்று உண்டு. மணி ஐயருடையது பெரும்பாலும் சர்வலகு. தாளத்தின் நடையோடு ஒட்டி, சின்னச் சின்னப் பிடிகளாக ஸ்வரம் ஓடிக்கொண்டேயிருக்கும். கணக்கு துருத்திக்கொண்டு நிற்காது. பாபநாசம் சிவனின் ‘காணக் கண் கோடி’யில் அவர் காம்போதி ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டு போகும்போது, ஒரு பிடி முடிந்த இடத்திலிருந்தே அடுத்தது கிளம்புகிறது. எங்கே தங்குவது, எந்த ஸ்வரத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பது என்பதெல்லாம் பாடும்போதே தீர்மானமாகிறது. லால்குடி ஜெயராமன் வயலினில் உடன் இருக்கும் பதிவுகளில் இது இன்னும் தெளிவு. வயலின் கொடுத்த பதில் அடுத்த சுற்றின் போக்கை மாற்றுகிறது. சபையிலிருந்து ஒரு ‘பலே’ விழுந்தால் பாடகர் அதே பிடியை வேறு கோணத்தில் திருப்பிக் காட்டுகிறார். எதிரே ஆளில்லாத அறையில் இதே பாட்டைப் பாடியிருந்தால் ஸ்வரங்கள் கிடைத்திருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடைத்திருக்காது.

கடல் கடந்தும் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1960 பிப்ரவரி 13 அன்று ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெர்லினின் டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில் பாடினார். 1928-இல் அதே பெர்லினில் ஒரு நாடகத்துக்காகப் பிறந்த ‘மேக் தி நைஃப்’ என்ற பாட்டின் நடுவே அவருக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே பாட்டாக்கி, தாளம் பிசகாமல் சொந்த வரிகளை அடுக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் செய்து காட்டி முடித்தார். நார்மன் கிரான்ஸ் தன் வெர்வ் நிறுவனத்தின் மூலம் அந்தக் கச்சேரியை இசைத்தட்டாக வெளியிட்டபோது அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். அதற்கு கிராமி விருதுகளும் வந்தன. பலரும் இதிலிருந்து ‘தவறும் அழகுதான்’ என்ற முடிவுக்குப் போகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மறதியில் அழகு ஒன்றுமில்லை. மறந்த பிறகும் சுருதியும் லயமும் அசையாமல் நின்றனவே, அதுதான் வித்வத். அதே இரவில் பாடிய ‘ஹௌ ஹை தி மூன்’ பாட்டில் மறதிக்கு இடமே இல்லை. அர்த்தமில்லாத அசைகளால் நிமிடக்கணக்கில் பாடும் ஸ்கேட் முறையில், வேறு பல மெட்டுகளின் துணுக்குகளை இழுத்துவந்து சேர்க்கிறார். நம் கல்பனாஸ்வரத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவு. சாகித்யத்தைத் தள்ளிவைத்த பிறகு பாடகரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதற்கான சோதனை இரண்டிலும் ஒன்றே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இதெல்லாம் அந்தக் கணத்தில் பிறந்ததா என்ன? எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘ஹௌ ஹை தி மூன்’ பாட்டைப் பத்தாண்டுக்கு மேலாகப் பாடிவந்தவர். மணி ஐயரும் காம்போதியை எத்தனையோ மேடைகளில் பாடியவர். பழகிய பிடிகள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். வரட்டும். மனோதர்மம் என்பது சூனியத்திலிருந்து படைப்பது அல்ல. கையிருப்பிலிருந்து எதை, எப்போது, எந்த வரிசையில் எடுப்பது என்ற தேர்வு. தருமபுரிப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் நையாண்டியில் எது பரம்பரைச் சரக்கு, எது எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் முளைத்தது என்று அவர்கள் கண்டுகொள்வார்கள். அதே காது கச்சேரிப் பதிவுக்கும் போதும். ராக லட்சணம் தெரிந்திருந்தால் ரசம் கூடும், அவ்வளவுதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நூறு முறை கேட்டபின் பதிவு மனப்பாடமாகிவிடுகிறது. பிறகு அதுவும் எழுதிவைத்த கீர்த்தனை மாதிரிதானே? ஓரளவு உண்மை. பதிவைக் கேட்டே அதே ஸ்வரங்களை அச்சாக ஒப்பிக்கும் சீடர்களும் கிளம்பத்தான் செய்கிறார்கள். ஆனால் பலமுறை கேட்பதால் தேர்வு மறைவதில்லை. அதன் காரணம் மெல்லப் பிடிபடுகிறது. முதல்முறை கேட்கையில் இனித்த பிடி, பத்தாம் முறை கேட்கையில் ஏன் அங்கே வந்தது என்று புரிகிறது. அதற்கு முன் வயலின் என்ன சொன்னது, மிருதங்கம் எங்கே இடம் விட்டது என்பதும் அப்போதுதான் காதில் படும். ஒலித்தரக் குறையையும் நான் மறுக்கவில்லை. மைக்கிலிருந்து தள்ளியிருந்த வாத்தியம் அமுங்கித்தான் கேட்கும். குரலின் நுண்ணிய கார்வைகள் சில நாடாவின் இரைச்சலில் கரைந்திருக்கும். அந்த இழப்பு நாதத்தைச் சேர்ந்தது. முடிவுகளின் வரிசை அதில் குலைவதில்லை.

அந்த வரிசையைக் குலைப்பது கத்தரி. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தை நீக்கி, வயலினின் ராக ஆலாபனையைச் சுருக்கி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்க்கும் நேரத்தைத் துடைத்து, ‘தேர்ந்தெடுத்த கீர்த்தனைகள்’ என்று வெளியிடுவதை வெளியீட்டாளர்கள் ரசிகருக்குச் செய்யும் உபகாரமாக நினைக்கிறார்கள். நேரம் மிச்சம், விற்பனையும் சுலபம். ஆனால் பக்கவாத்தியத்தின் பதிலை நீக்கிவிட்டால் பாடகரின் அடுத்த பிடி எதற்குப் பதில் என்பதே தெரியாமல் போகிறது. மறந்த இடத்தை வெட்டியிருந்தால் பெர்லின் இசைத்தட்டு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் போதும். மணி ஐயர் போன்றோரின் நாடாக்களை இனி வெளியிடுகிறவர்கள் இரைச்சலை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கட்டும். நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம். வாங்குகிற நாமும் ஒலியின் பளபளப்பைப் பார்க்குமுன், தனி ஆவர்த்தனம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.