நேயர் குரலும் நெறியாளர் பொறுப்பும்

வொஷிங்டனின் டபிள்யூ.ஏ.எம்.யூ. பொது வானொலியில் 1979 முதல் 2016 வரை டயான் ரெம் நிகழ்ச்சி நடத்தினார். வார நாட்களில் நாட்டு நடப்புகள் அலசப்படும். நேயர்கள் தொலைபேசியில் இணைவர். 1998இல் அவருக்குக் குரலைத் தடுமாறச் செய்யும் நரம்பு நோய் இனங்காணப்பட்டது. அந்த நடுங்கும் குரலோடேயே அவர் தொடர்ந்தார். வேகத்தையே திறமையாகக் கருதும் ஊடகத்தில் அக்குரல் நிதானத்துக்கு இடம் தந்தது.

ஆயினும் 2015 ஜூனில் ஒரு சறுக்கல். யூதரான செனட்டர் பேர்னி சாண்டர்ஸிடம், அவருக்கு இஸ்ரேலியக் குடியுரிமையும் உண்டென்று கேள்வியாகவன்றி, உறுதியாகவே சொன்னார். சாண்டர்ஸ் உடனே மறுத்தார். தகவலின் மூலம் முகநூலில் ஒருவர் இட்ட பின்னூட்டம். ரெம் பின்னர் மன்னிப்புக் கோரினார்.

இதைச் சிறு தவறென்று கடந்துவிட முடியவில்லை. ‘நீ எந்த நாட்டுக்கு விசுவாசி?’ என்ற கேள்வியின் கனத்தைச் சிறுபான்மையினரான நாம் அறிவோம். நம்மை நோக்கி வரும்போது மட்டும் அது நமக்கு வலித்தால் போதாது. நேயருக்கு ஒலிவாங்கியைக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவரது ஐயத்தை விசாரிக்காமல் நெறியாளரே தன் வாயால் சொல்லும்போது, நேயர்கள் அவர்மீது வைத்த நம்பிக்கை முழுவதும் அந்த வதந்திக்குத் துணைபோகிறது.