சிறைப்புறக் கேட்போர்: போர்க்காலப் பிரித்தானிய வானொலியில் பள்ளியும் வீடும்

இரண்டாம் உலகப்போர்க்காலப் பிரித்தானிய வானொலி என்றதும் சர்ச்சிலின் உரைகளும் ஜே.பி. பிரீஸ்ட்லியின் ஞாயிறு இரவுப் பேச்சுகளுமே நினைவுக்கு வருகின்றன. பேசியவர் யார் என்பதே அங்கு முதன்மை பெறுகிறது. யாரை நோக்கிப் பேசப்பட்டது, யார் செவியில் விழுந்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. பள்ளிகளுக்கும் இல்லத்தார்க்குமான அன்றாட ஒலிபரப்பை ஆராய இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

இதற்கான கருவி நம் மரபிலேயே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தே நிற்பதை அறிந்த தோழி, தலைவியிடம் பேசுவதுபோல் அவன் கேட்கப் பேசுகிறாள். விளிக்கப்படுபவர் ஒருவர், கேட்க வேண்டியவர் வேறொருவர்.

1939 செப்டம்பர் 1 அன்று பி.பி.சி. தன் தேசிய, வட்டார ஒலிபரப்புகளை இணைத்து 'ஹோம் சர்வீஸ்' என்னும் ஒரே சேவையாக்கியது. எதிரி விமானங்கள் ஒலிபரப்பு நிலையங்களைக் கொண்டு திசையறியாதிருக்கப் பல நிலையங்கள் ஒரே அலைநீளத்தில் இயங்கின. 1940 தொடக்கத்தில் படையினருக்கான சேவை வரும்வரை உள்நாட்டு நேயருக்கு வேறு பி.பி.சி. நிகழ்ச்சி இல்லை. ஆகவே பள்ளிப் பாடம் ஒலித்த நேரத்தில் பெட்டியைத் திருகிய எவருக்கும் பாடமே கிடைத்தது. அதே செப்டம்பரின் முதல் நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிப் பிள்ளைகள். தொலைவிலுள்ள சிற்றூரில் பிள்ளை கேட்கும் பாடத்தை நகரத்து வீட்டிலிருந்தே தாயும் கேட்கும் வாய்ப்பு இருந்தது. 'பள்ளிகளுக்கு' என்னும் குறிப்பை விளியாக மட்டுமே கொள்ளலாம். கேட்போர் பட்டியலாகக் கொள்வதற்கில்லை.

காலை 8.15க்கு ஒலித்த 'கிச்சன் ஃபிரண்ட்' இதற்கு எதிர்நிலை. கடைக்குப் புறப்படுமுன் இல்லத்தரசியை எட்டுவதே அதன் நோக்கம். எட்டு மணிச் செய்தியை அடுத்து வந்த அந்த ஐந்து நிமிடங்களில் விளியும் செவியும் ஏறத்தாழ ஒன்றின.

1940 அக்டோபர் 13 அன்று 'சில்ட்ரன்ஸ் அவர்' நிகழ்ச்சியில் 14 வயது இளவரசி எலிசபெத் ஆற்றிய உரையில் சிறைப்புறம் முழுமையாகத் திறக்கிறது. வீட்டைப் பிரிந்த குழந்தைகளே விளிக்கப்படுவோர். ஆனால் அடைக்கலம் தந்த கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளோடு, இன்னும் போரில் இறங்காத அமெரிக்காவும் பெயர்சுட்டப்படுகிறது. குழந்தைக்கு வேண்டாத அந்நன்றி வேலிக்கப்பால் நிற்பவருக்கு உரியது. 26 நாட்களுக்கு முன்னர்தான் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, கனடாவுக்கு அனுப்பப்பட்ட 77 குழந்தைகள் மாண்டிருந்தனர். உரையில் அக்கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதைக் குழந்தைகள் அஞ்சாதிருக்கக் கொண்ட மௌனம் என்று மட்டும் விளக்கினால் போதாது என்பது என் கருத்து. பெற்றோரும் கேட்டுக்கொண்டிருந்தனர், கப்பலை அவர்கள் அறிவர். அவர்களிடம் நேர்முகமாகச் சொல்ல இயலாததைக் குழந்தையை விளித்தே கடக்க முடிந்தது.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தலைவனின் வரவைத் தோழி குறியால் அறிவாள். பி.பி.சி.யோ தன் வேலிக்கப்பால் நிற்பவர் யார் என்பதை அறிய 1936லேயே கேட்போர் ஆய்வைத் தொடங்கி, வினவி எண்ண வேண்டியிருந்தது.