இரங்கும் கடவுளும் இரக்கம் பெறுவோரும்

கடவுளைப் போல ஆக வேண்டும் என்ற ஆசைதான் ஆதியாகமத்தில் மனிதனை ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றியது. அதே வேதாகமம், எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பிள்ளைகள் தகப்பனைப் பார்த்து நடப்பதுபோல் தேவனைப் பின்பற்றச் சொல்கிறது. கடவுளின் எந்தக் குணத்தைப் பின்பற்றுவது? லேவியராகமம் பரிசுத்தத்தை முன்வைத்தது. மத்தேயுவின் மலைப்பிரசங்கம் பூரணத்தைக் கேட்டது. லூக்கா ஆறாம் அதிகாரத்தில் அது இரக்கமாகிறது. யூத ரபிமார்களும் இதே திசையில் சிந்தித்தார்கள். ஆதாமுக்கு உடை கொடுத்தவர், நோயுற்ற ஆபிரகாமைக் காண வந்தவர், மோசேயை அடக்கம் செய்தவர் கடவுள். அவர் வழியில் நடப்பது என்றால் அந்தக் காரியங்களைச் செய்வதே என்கிறது தால்முத்.

கடவுளின் இரக்கத்தைப் பின்பற்றுவது என்ற இந்தக் கருத்தைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி, கொடுப்பவருடைய ஆன்மாவுக்கு என்ன நேர்கிறது என்றே கேட்டிருக்கிறது. பெறுபவரைப் பற்றிய கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது. என் கணிப்பில் இத்துறையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப் பலரும் கருதும் தியோக்னேத்து நிருபம் இவ்விஷயத்தைத் தெளிவாகப் பேசும் பழைய நூல்களில் ஒன்று. அயலானை அடக்கி ஆள்வதிலோ செல்வம் சேர்ப்பதிலோ கடவுளின் சாயல் இல்லை, அயலானுடைய சுமையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்பவனே கடவுளைப் பின்பற்றுகிறான் என்பது அதன் வாதம். அதன் ஒரே கையெழுத்துப் படி 1870இல் ஸ்திராஸ்பூர் நகரில், போரின் தீயில் எரிந்துபோனது. அதற்கு முன்பே நகலெடுத்து வைத்தவர்களால்தான் நமக்கு அது கிடைத்திருக்கிறது.

கருத்து செயலாக மாறியதைக் காண நான்காம் நூற்றாண்டின் கப்பத்தோக்கியாவுக்குப் போக வேண்டும். 368 வாக்கில் அங்கே பெரும் பஞ்சம். தானியம் களஞ்சியங்களில் இருந்தது. விலை ஏறட்டும் என்று உடையவர்கள் காத்திருந்தார்கள். செசரியாவின் பசிலியார் அவர்களை நோக்கிப் பிரசங்கித்தார். உன் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் துணி உடையற்றவனுடையது, உன் வீட்டில் மட்கும் செருப்பு வெறுங்காலோடு நடப்பவனுடையது என்பது அவர் நிலை. அந்தக் கணக்கில் கொடுப்பது தயவாகாது. கடனைத் திருப்பிக் கொடுப்பதாகும். பின்னர் ஆயரான அவர், நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் இடமளிக்கும் பெரிய இல்லம் ஒன்றை எழுப்பினார். அங்கே மருத்துவர்களும் இருந்தார்கள். அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரியார் அதைப் புதிய நகரம் என்றே அழைத்தார்.

அந்த நண்பரின் பதினான்காம் உரைதான் இத்துறையின் மைய நூல். ஊரிலிருந்து விரட்டப்பட்ட தொழுநோயாளிகளை, பெற்ற தாயே அணைக்க அஞ்சும் அந்த உடல்களை, கேட்பவர் முகம் திருப்ப முடியாதபடி அவர் வருணிக்கிறார். பிறகு, கடவுளின் இரக்கத்தைப் பின்பற்றி, துன்பப்படுபவனுக்கு நீ கடவுளாகு என்கிறார். இவ்வளவு துணிச்சலான சொல்லை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அழுகும் அந்த உடலும் நம்மைப் போலவே கடவுளின் சாயலைத் தரித்தது. ஒருவேளை நம்மைவிட நன்றாக அதைக் காத்திருக்கிறது என்றும் அதே உரையில் சொல்கிறார். பசிலியாரின் தம்பி நிசா கிரகோரியாரோ, தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தையே நேருக்கு நேர் எடுத்து மறுத்தார். அவர்களைத் தொடத் தயங்குபவனுக்கு அவர் எந்தச் சாக்கையும் விட்டுவைக்கவில்லை.

இவர்களைப் பற்றிய நவீன ஆய்வுகளில் வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 2002இல் வெளியிட்ட நூலைத் தவிர்க்க முடியாது. பழைய ரோமானியப் பிரபுக்கள் தம் நகரத்தின் குடிமக்களுக்கே வாரி வழங்கினார்கள். குடியுரிமையைப் பாராமல் ஏழை என்ற வகையைச் சமூகத்தின் கண்ணில் நிறுத்தியவர்கள் ஆயர்கள்; அதன் மூலம் அவர்களுடைய அதிகாரமும் வளர்ந்தது என்கிறார் பிரவுன். இந்த இரண்டாம் பகுதி பக்தர்களுக்குக் கசக்கலாம். ஆனாலும் உண்மை. ஓராண்டு முன்னதாக சூசன் ஹோல்மன் எழுதிய நூல் எனக்கு இன்னும் முக்கியமானது. அவர் பிரசங்கிகளின் நாவன்மையைத் தாண்டி, பிரசங்கத்தில் கிடக்கும் பசித்த உடல்களைப் பார்த்தார். அந்த ஏழைகள் யாரும் தம் குரலில் பேசுவதில்லை. ஆயர்கள் தீட்டிய சித்திரமாகவே அவர்கள் நம்மிடம் வருகிறார்கள்.

சீர்திருத்த மரபில் 1520இல் லூத்தர், கிறிஸ்து எனக்கு ஆனதுபோல நான் அயலானுக்கு ஆவேன் என்ற பொருளில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் இறையியலாளர் நீகிரன் தெய்வீக அன்பைக் கடவுளிடமிருந்து மட்டுமே பாயும் ஒன்றாக்கி, மனிதனை அதன் வாய்க்காலாகச் சுருக்கினார். அதில் அயலானின் முகம் மங்கிப்போகிறது. 1960இல் வேலரி சேவிங் எழுதிய கட்டுரை வேறொரு குறையைச் சுட்டியது: தன்னையே இழக்கும் தியாகத்தை உச்ச அறமாக்கினால், ஏற்கெனவே தன்னை இழந்து வாழப் பழக்கப்பட்ட பெண்களுக்கு அது மேலும் ஒரு விலங்கு. கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் கேட்க வேண்டிய எச்சரிக்கை இது.

1980களில் அரவிந்த் பி. நிர்மல் தலித் இறையியலைத் தொடங்கியபோது கேள்வி முற்றிலும் திரும்பியது. கடவுள் மேலிருந்து இரங்குபவர் மட்டுமல்லர், ஒடுக்கப்பட்டோரின் வலிக்குள் இருப்பவர் என்றார் அவர். அப்படியானால் கடவுளின் சாயலைத் தேடுபவர் பார்க்க வேண்டிய இடம் கொடுப்பவரின் கை மட்டுமல்ல. நாசியான்சு கிரகோரியார் ஒரு வாக்கியத்தில் தொட்டதை நிர்மல் அடித்தளமாக்கினார் என்றே நான் வாசிக்கிறேன்.

கப்பத்தோக்கியாவின் தொழுநோயாளிகளிடமிருந்து வேலூருக்கு நேரான பாதை உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியாகித் திரும்பிய சிலருக்குப் பிச்சை குறைந்தது, வேலையும் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்ன குறையே அடுத்த முயற்சிக்குக் காரணமானது. 1950களின் தொடக்கத்தில் நவ ஜீவ நிலையம் என்ற இல்லம் உருவாகி, மரவேலை போன்ற தொழில்கள் கற்றுத்தரப்பட்டன. பெற்றவரின் சொல் கேட்கப்பட்டதால்தான் இரக்கம் முழுமையை நோக்கி நகர்ந்தது.

இவ்வரலாற்றில் மருத்துவர்களின் சரிதைகள் அச்சில் இருக்கின்றன. இறையியல் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இல்லங்களில் வாழ்ந்தவர்களில் எஞ்சியிருப்போரைத் தேடிப் போங்கள்; தம்மிடம் காட்டப்பட்ட இரக்கத்தைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை, நன்றியையும் கோபத்தையும் சேர்த்தே, அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.