பீம் சாஃப்ட்வேரின் கிரிக்கெட்

ஸ்ரீவராகம் கோயில் குளத்தை அடுத்த தெருக்களில் மட்டையும் பந்துமாக மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு, இரவில் அதே ஆட்டத்தைத் திரையில் தொடரும் பிள்ளைகள், அந்த ஆனந்தத்துக்கு முன்னோடியாக உழைத்தவர்களுள் 1980-இல் மெல்போர்ன் நகரில் ஸ்தாபிக்கப்பட்ட பீம் சாஃப்ட்வேரும் ஒன்று என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. இடது கட்டைவிரலுக்குச் சிலுவை வடிவத் திசைப் பொத்தான், வலது கட்டைவிரலுக்கு இரண்டு வட்டப் பொத்தான்கள். நின்டெண்டோ சாதனத்தில் பிரதானமாக இருந்த இவற்றுக்குள்ளேயே பந்துவீச்சையும், மட்டைவீச்சையும், ஓட்டத்தின் அவசரத்தையும் அடக்கி, 1992-இல் 'இன்டர்நேஷனல் கிரிக்கெட்'டை உருவாக்கிய அவர்களுடைய சாமர்த்தியம் சாமானியமானதன்று. பின்னர் இஏ ஸ்போர்ட்ஸுக்காக 'கிரிக்கெட் 96', 'கிரிக்கெட் 97' ஆகியவற்றையும் அளித்த அந்நிறுவனம், இன்ஃபோகிராம்ஸ், அடாரி, குரோம் என்று கைமாறி, 2010-இல் மூடப்பட்டது. சொற்பச் சாதனங்களைக் கொண்டு ஒரு விளையாட்டின் ஜீவனைப் பிடித்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு என்றும் உரியது.