மணியாச்சியில் இறங்கிப் பாருங்கள்

மதுரையிலிருந்து நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ ரயிலில் போனவர்கள் எல்லோரும் மணியாச்சியைக் கடந்திருப்பார்கள். இறங்கி நின்று பார்த்தவர்கள் குறைவு. சுற்றிலும் கரிசல் காடு, அங்கங்கே பனையும் உடைமரமும், தள்ளி ஒரு சிறிய ஊர். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஒரு ரயில் நிலையத்தின் அமைப்பே ஒரு நாட்டின் சரித்திரத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் தென்பாண்டிச் சீமையில் இல்லை.

முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள்

இறங்கியதும் நடைமேம்பாலத்தில் ஏறித் தெற்கே பாருங்கள். மதுரையிலிருந்து கோவில்பட்டி, கடம்பூர் வழியாக வரும் பாதை இங்கே பிரிகிறது. ஒன்று தென்கிழக்கே தூத்துக்குடிக்கு, இன்னொன்று தென்மேற்கே திருநெல்வேலிக்கு. ஊருக்காக வந்த நிலையம் இல்லை இது. பாதை பிரிய ஓர் இடம் வேண்டியிருந்ததால் வந்தது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876-இல் மதுரையைத் தூத்துக்குடியோடு இணைத்தது. கரிசல் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கொழும்புக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோக வேண்டும். அந்த நாளில் துறைமுகம் போகும் பாதைதான் முக்கியப் பாதை. நெல்லைக்குப் போனது கிளை. இன்று நெல்லைப் பாதைதான் நாகர்கோவில், கன்னியாகுமரி வரை நீண்டு பெரும்பாதையாகிவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கு ஒரு வண்டி வந்தால் தவறாமல் கவனியுங்கள். இரண்டு கிளைகளும் தெற்கிலிருந்து வந்து சேர்வதால், வந்த திசையிலேயே அது மேலே போக முடியாது. என்ஜினைக் கழற்றுவார்கள். அது அடுத்த லைன் வழியாகச் சுற்றி வந்து, கடைசிப் பெட்டி இருந்த பக்கம் மாட்டிக்கொள்ளும். கப்ளிங் பூட்டும் சத்தம், பிரேக் குழாயை இணைத்ததும் சீறும் காற்று, கார்டு பச்சைக்கொடி காட்டுவது எல்லாம் முடிந்த பிறகு, இதுவரை பின்னால் இருந்த பெட்டி முன்னால் போகும். 1876-இல் போட்ட பாதையின் வடிவத்துக்கு இன்றைய வண்டியும் கட்டுப்படுவதை இங்கே நேரில் பார்க்கலாம்.

பிறகு காத்திருங்கள்

ஜங்ஷன் என்றாலே காத்திருப்புதான். ஒரு வண்டியில் வந்து இறங்கி, இன்னொரு வண்டிக்காக நிற்பதற்கென்றே உண்டான இடம். மணியாச்சியின் பெயர் சரித்திரத்தில் ஏறியது அப்படி ஒரு காத்திருப்பினால்தான்.

1911 ஜூன் 17. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். காலை 9.30-க்கு நெல்லையில் ஏறியவர்கள் 10.38-க்கு மணியாச்சி வந்தார்கள். அவர்கள் மேலே போகவேண்டிய வண்டி, கொழும்புக் கப்பல் பயணிகளுக்கான போட் மெயில், தூத்துக்குடியிலிருந்து 10.48-க்கு வரவேண்டும். இடையில் பத்து நிமிஷம். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டுக் கொன்றார். பிறகு நடைமேடையில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து, தன்னையே சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார்.

ஏன் ஆஷ்? வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கொழும்புப் பயணிகளுக்காக வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கட்டியது. 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கியபோது, தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் இதே ஆஷ். கப்பல் போட்டி, ரயில் பாதை, போட் மெயில், துப்பாக்கி எல்லாம் ஒரே பாதையில் கோத்தவை. நடைமேடையில் நின்று தூத்துக்குடி லைனைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று இந்த நிலையத்தின் மஞ்சள் பலகையில் ‘வாஞ்சி மணியாச்சி’ என்றிருக்கிறது.

காற்றைக் கேளுங்கள்

போவதென்றால் ஆனி, ஆடியில் போங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் சாரலாக விழுந்துவிட்டு, இந்தக் கரிசலுக்கு வரும்போது வெறும் காற்றாக வந்து அடிக்கும். நின்றால் வேட்டி நிற்காது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஆஷ் சுடப்பட்ட அன்று துப்பாக்கிச் சத்தமே காற்றின் இரைச்சலில் அமுங்கிப்போனது என்பார்கள். ஜூன் மாதம் அங்கே நின்று பார்த்தவருக்கு அது மிகையாகத் தோன்றாது. கயத்தாறு வட்டாரத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அதே காற்றில்தான்.

இல்லாததையும் பாருங்கள்

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. கொழும்புப் பயணிகள் மணியாச்சி வழியாகப் போவது அதோடு குறைந்தது. அதற்கு முன்பு இதே பாதையில்தான் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தூத்துக்குடி லைனில் உள்ள தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைக்கும் முகாமே இருந்தது. ஆஷ் பெயரும் வாஞ்சி பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. மூட்டையும் பிள்ளையுமாக இந்த வழியே போன குடும்பங்களின் பெயர்கள் இல்லை. இங்கே நிற்கும் பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷமாவது அவர்களுக்கும் உரியது.

மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தாயிற்று. இரட்டைப் பாதையும் மின்கம்பியும் வந்தாயிற்று. பழைய கட்டடத்தைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். பாதை பிரியும் கோணமும், காற்றும், காத்திருப்பும் மாறவில்லை. அவற்றைத் தேடிப் போங்கள்.

எப்படிப் போவது

எக்ஸ்பிரஸில் கடந்து போகாமல், பாசஞ்சரில் வந்து இறங்கி, அடுத்த வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள். வடக்கேயிருந்து வருகிறவர்கள் கடம்பூரில் போளி வாங்கிக்கொள்ளலாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். மேம்பாலத்திலிருந்துதான் காட்சியே நன்றாக இருக்கும். இருட்டுவதற்குள் சிக்னலையும் படிக்கப் பழகுங்கள்: சிக்னல் விளக்குக்கு மேலே ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக எரிந்தால், வண்டி நேர்ப்பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் திரும்பப்போகிறது என்று அர்த்தம். சாய்ந்திருக்கும் பக்கம்தான் அது திரும்பும் பக்கம்.

எந்தச் சிறிய நிலையத்தில் இறங்கினாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை ஏன் இங்கே கட்டினார்கள்? இந்த வழியே என்ன போனது? இங்கே காத்திருந்தவர்கள் யார்? விடைகளில் பாதி தண்டவாளத்திலேயே கிடக்கும். மீதியை டீக்கடையிலும் நூலகத்திலும் தேடிப் பிடிக்கலாம். அந்தப் பழக்கத்தை மணியாச்சியில் தொடங்குங்கள்.